நாற்பது புதியவர்கள், ஒரு மணி நேரம்: கும்மியா, கோலாட்டமா, ஒயிலாட்டமா?

பொங்கல் விழாவுக்கோ, நாட்டு நலப்பணித் திட்ட முகாமின் ஏழு நாள்களில் ஒரு மாலைப் பொழுதுக்கோ, மகளிர் குழுக்களின் ஆண்டுக் கூட்டத்துக்கோ, "எல்லாரும் சேர்ந்து ஆடுகிற மாதிரி ஏதாவது சொல்லிக் கொடுங்கள்" என்று தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் என்னை அழைப்பவர்கள் பெரும்பாலும் ஆட்டத்தின் பெயரையும் தாங்களே முடிவு செய்து வைத்திருக்கிறார்கள். கைப்பேசியில் பார்த்த ஒரு காட்சி அவர்கள் மனத்தில் இருக்கும்: ஒரே நிறச் சேலையில் நூற்றுக்கணக்கான பெண்கள் சலங்கை கட்டி ஒரே சமயத்தில் திரும்புவார்கள். அந்தப் பெண்கள் வாரக்கணக்கில் மாலைதோறும் பழகி, அரங்கேற்றம் முடித்தவர்கள் என்பது காட்சியில் தெரிவதில்லை. நம் முன் வந்து நிற்பவர்களோ, வெட்கத்தில் பாதிப் பேர், பக்கத்தில் இருப்பவரை இழுத்து முன்னே தள்ளிவிட்டுப் பின்னால் ஒளிகிறவர்கள் மீதிப் பேர் என்ற கணக்கில் நாற்பது பேர். கையில் இருப்பது ஒரு மணி நேரம். இடம் பள்ளித் திடல் அல்லது கோயில் முன்வெளி. இந்த நிலைமைக்கு எந்த ஆட்டம் பொருந்தும், அதை எப்படிச் சொல்லி ஆட வைப்பது என்பதை மட்டுமே இங்கே ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

எந்த ஆட்டம் எளிது என்று கேட்பதை நான் நிறுத்திவிட்டேன். அடவு, அதாவது தாளத்துக்கு வைக்கும் கை கால் அசைவு, எத்தனை, அது ஒற்றை எண்ணிக்கையா இரட்டை எண்ணிக்கையா என்பதெல்லாம் சொல்லிக்கொடுப்பவரின் கவலை. புதியவர்கள் கூடும் இடத்தில் கேட்க வேண்டிய கேள்வி, ஒருவர் தப்பாக ஆடினால் அந்தத் தப்பு எவ்வளவு தூரம் போகும் என்பதே. கும்மியில் ஒருவர் கொட்ட மறந்தால் அது அவரோடு நிற்கும். பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது. கோலாட்டத்தில் ஒருவர் தவறினால் எதிரே நிற்பவரின் கோல் காற்றில் நிற்கும், அல்லது விரலில் விழும். ஆக, தவறு இரண்டு பேருக்குப் போகிறது, இடம் மாறும் கட்டத்தில் நான்கு பேருக்குப் போகிறது. ஒயிலாட்டத்தில் தவறு யாரையும் தடுக்காது, ஆனால் நேர்வரிசையாக இருப்பதால் பார்ப்பவர் கண்ணுக்கு உடனே பட்டுவிடும். பின்னல் கோலாட்டத்திலோ ஒருவரின் தவறு கயிற்றில் முடிச்சாக விழுந்து, ஆட்டம் முடியும்வரை எல்லாருடைய தலைக்கு மேலும் தொங்கிக்கொண்டிருக்கும்.

பின்னலின் கதையை முதலில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் அதைக் கேட்பவர்கள் அதிகம். அதன் அழகு அப்படி. உச்சியில் ஒரு வளையம், அதிலிருந்து இறங்கும் வண்ணக் கயிறுகள், பாதிப் பேர் ஒரு திசையிலும் பாதிப் பேர் எதிர்த்திசையிலும் ஒருவர் விட்டு ஒருவர் உள்ளும் புறமுமாகப் போய்வரக் கயிறு சடையாகப் பின்னிக்கொள்ளும். பிறகு அதே நடையைப் பின்னோக்கி ஆடினால் சடை அவிழ வேண்டும். அவிழ வேண்டும் என்பதில்தான் வில்லங்கம். ஒரு பள்ளியின் ஆண்டு விழாவுக்கு முந்தைய மாலை, பன்னிரண்டு கயிறு கட்டிப் பன்னிரண்டு மாணவிகளுக்கு நான் பழக்கிக்கொண்டிருந்தபோது, ஒரு பெண் உள்ளே போக வேண்டிய இடத்தில் வெளியே போனாள். மூன்று சுற்று கழித்துத்தான் அது எங்கள் கண்ணில் பட்டது. அதற்குள் பச்சைக் கயிறும் மஞ்சள் கயிறும் ஒன்றையொன்று கட்டிக்கொண்டுவிட்டன. கடைசியில் மேசைமேல் நாற்காலி போட்டு ஏறிக் கத்தரிக்கோலால் வெட்டினோம். தப்பு அந்தப் பெண்ணுடையது அன்று. ஒரே நாள் பழக்கத்தில் அதை எடுத்த என்னுடையது. இரண்டு வாரம் கையில் இல்லாதவர்கள் பின்னலைத் தொட வேண்டாம்.

கரகத்தைப் பற்றி ஒரு வரி போதும்: தலையில் கரகம் நிற்பதற்கே தனிப் பயிற்சி வேண்டும் என்பதால் இந்த ஒப்பீட்டில் அதற்கு இடமில்லை. பறையாட்டத்தைப் பற்றிச் சற்றுக் கூடுதலாகச் சொல்ல வேண்டும். அதன் அடவுகள் புதியவர்களைத் துள்ள வைக்கும், கல்லூரி மாணவர்கள் அதைத்தான் முதலில் கேட்பார்கள். ஆனால் ஆளுக்கொரு பறை, ஒவ்வொன்றுக்கும் அடிக்குச்சி ஒன்று சிம்புக்குச்சி ஒன்று, தோலைக் காய்ச்ச நெருப்பு, அடியைக் கையில் பழகி முடித்த பிறகே காலில் அடவு என்று அதன் படி நீளமானது. அதோடு, அந்தக் கருவியைச் சுமந்ததற்காகவே இழிவுபடுத்தப்பட்டவர்களின் நினைவு இன்னும் ஆறாத ஊர்களில், அதை ஒரு மணி நேர வேடிக்கைப் பொருளாகக் கையில் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. பத்து நாள் முகாம் என்றால், அந்தக் கலைஞரையே ஆசானாக அழைத்து, உரிய ஊதியம் கொடுத்து, அவர் சொல்லும் வரிசையில் கற்பது முறை. ஒரு மாலைக்கு என்றால், பறைக் கலைஞர் ஒருவரையோ பம்பை மேளக்காரர் ஒருவரையோ தாளத்துக்கு வைத்துக்கொண்டு வேறு ஆட்டம் ஆடலாம். மாரியம்மன் திருவிழாவில் பம்பை கேட்டு வளர்ந்த ஊர்களில் அந்தச் சத்தம் எழுந்ததுமே பாதி வெட்கம் போய்விடுகிறது.

எஞ்சியிருப்பவை மூன்று. அவற்றுள் ஒயிலாட்டத்தை நான் கடைசியில் வைப்பதற்குக் காரணம் அதன் தகுதிக் குறைவன்று. இரண்டு வரிசையாக நின்று, கையில் துணியை வீசி, மெல்லத் தொடங்கி வேகத்தில் முடியும் அந்த ஆட்டத்தின் பெயரிலேயே ஒயில் இருக்கிறது. ஒயில் என்றால் அழகு, அது ஒரே மாலையில் வராது. முன்பு ஆண்கள் மட்டும் ஆடியதை இன்று பெண்களும் ஆடுகிறார்கள் என்பதால் யாருக்கும் தடை இல்லை. ஆனால் கால் ஒரு கணக்கிலும் துணி ஒரு கணக்கிலும் போவதைப் புதியவரின் உடம்பு ஏற்றுக்கொள்ளச் சில நாள்கள் பிடிக்கும். தெருக்கூத்து பார்த்து வளர்ந்த பென்னாகரம், பாலக்கோடு பக்கத்துப் பையன்கள் விதிவிலக்கு. பாரதக் கூத்து நடக்கும் இரவுகளில் திரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கூத்தை அறிமுகம் செய்து நடத்தும் கட்டியங்காரனின் கால்களைப் பார்த்தே பழகியவர்களுக்கு, தாளத்தோடு சுழன்று வந்து நிற்பது சொல்லிக்கொடுக்காமலே தெரிந்திருக்கிறது. அப்படிப் பத்துப் பேர் கூட்டத்தில் இருந்தால், அவர்களை முன்வரிசையில் நிறுத்தி ஓர் எளிய அடவை மட்டும் ஒயிலாட்டமாகச் செய்து பார்க்கலாம். இல்லையென்றால் வேண்டாம்.

வள்ளி கும்மியையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பெயரில் கும்மி இருப்பதால் அதை எளிய கும்மியோடு சேர்த்து எண்ணிவிடுகிறார்கள். முருகன் வள்ளியை மணந்த கதையைப் பாட்டாகச் சொல்லிக்கொண்டே ஆடும் வள்ளி கும்மி, கொங்கு வட்டாரத்தில் அண்மை ஆண்டுகளில் ஊர்தோறும் பரவியிருக்கிறது. அதைப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்த கோவை மாவட்டத்து ஆசான் பத்ரப்பனுக்கு 2024ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. பாட்டின் வரிக்கு வரி அடவு மாறும் அந்த ஆட்டம், நடையில் ஒயிலாட்டத்துக்கு நெருங்கிய உறவு. கற்பதற்கு ஆகும் காலத்திலும் அப்படியே.

ஆக, உண்மையான போட்டி சாதாரணக் கும்மிக்கும் கோலாட்டத்துக்கும்தான். இந்த இரண்டில் எதை எடுப்பது என்பதை, வந்திருப்பவர்கள் யார், அவர்கள் வீட்டில் பேசும் மொழி எது, ஆண் பெண் கலந்த கூட்டமா என்ற மூன்றையும் பார்த்த பிறகே முடிவு செய்கிறேன்.

கும்மிக்குக் கருவி வேண்டாம், கையே கருவி. ஒற்றைப்படை, இரட்டைப்படை பேதமில்லை; நடுவில் ஒருவர் விலகிப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாலும் வட்டம் உடையாது; தாமதமாக வருபவர் இரண்டு பேருக்கு நடுவில் புகுந்துகொள்ளலாம். மகளிர் குழுக் கூட்டம் என்றால் நான் கும்மியைத் தவிர வேறொன்றை நினைப்பதில்லை, ஏனென்றால் ஐம்பது வயதைக் கடந்த ஒரு பெண்ணாவது சிறு வயதில் கொட்டிய பாட்டொன்றை நினைவில் வைத்திருப்பார். அவர் இரண்டு வரி எடுத்துக் கொடுத்ததும் என் வேலை பாதியாகிவிடும். கும்மிப் பாட்டின் நடை பெரும்பாலும் மும்மை நடை, அதாவது தகிட தகிட என்று மூன்று மூன்றாக உருளும். நான் சொல்லிக்கொடுப்பது நான்கு எண்ணிக்கையில் ஒரே ஒரு அடவு. ஒன்றில் வலக்கால் உள்ளே வைத்துக் குனிந்து கொட்டு. இரண்டில் அப்படியே இன்னொரு கொட்டு. மூன்றில் கால் பின்வாங்கி நிமிர்ந்து தோளுயரத்தில் கொட்டு. நான்கில் கொட்டாமல் வலப்பக்கம் ஓரடி நகர்தல். அந்த நான்காவது எண்ணிக்கையின் மௌனம்தான் புதியவரைக் காப்பாற்றுகிறது. முந்தைய மூன்றில் எங்கே பிசகினாலும், கை சும்மா இருக்கும் அந்த ஓரிடத்தில் எல்லாரோடும் சேர்ந்துகொள்ளலாம். மூட்டு வலி உள்ளவர்கள் குனியாமல் இடுப்புயரத்தில் கொட்டட்டும். அதை ஆரம்பத்திலேயே எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லிவிட வேண்டும், யாரையும் தனியாகக் குறித்துச் சொல்லக் கூடாது.

கும்மியில் கணக்குப் பார்க்க வேண்டியது வட்டத்தின் அளவை மட்டும். குனிந்து நிமிர ஆளுக்கு மூன்றடி வேண்டும். நாற்பது பேரை ஒரே வட்டமாக நிறுத்தினால் சுற்றளவு 120 அடி, குறுக்களவு ஏறத்தாழ 38 அடி. எதிர்ப்புறத்தில் இருப்பவருக்கு ஒலிபெருக்கி இல்லாமல் பாட்டு எட்டாது. எட்டாதபோது அந்தப் பக்கத்துக் கொட்டு பின்தங்கும். பின்தங்கிய கொட்டைக் கேட்டு இந்தப் பக்கமும் குழம்பும். ஆகவே உள்வட்டத்தில் 16 பேர், வெளிவட்டத்தில் 24 பேர் என்று இரண்டாகப் பிரித்துவிடுகிறேன். உள்வட்டத்தின் குறுக்களவு 15 அடியும் வெளிவட்டத்தின் குறுக்களவு 23 அடியும் ஆவதால் இடையில் நான்கடி இடைவெளி கிடைக்கிறது. யாரும் யார் முதுகிலும் முட்டிக்கொள்வதில்லை. பழகாத வெட்கக்காரர்களுக்கு வெளிவட்டம் ஒரு மறைவாகவும் அமைகிறது.

இனி கோலாட்டம். இதற்கு இரட்டைப்படை எண்ணிக்கை வேண்டும், ஆளுக்கு இரண்டு கோல் வேண்டும், ஒருவர் போனால் ஒருவர் தனியாவார். செலவு என்று பார்த்தால் பெரிதில்லை. மின் கம்பி ஓட்டுவதற்கு வாங்கும் பிவிசி குழாய் பத்தடி நீளம் வரும். அதை ஓரடித் துண்டுகளாக அறுத்தால் ஐந்து பேருக்கான கோல்கள் கிடைக்கும், எனவே நாற்பது பேருக்கு எட்டுக் குழாய் போதும். அறுத்த முனையில் பிசிர் இருக்கும், இன்சுலேஷன் டேப் சுற்றாமல் கொடுத்தால் உள்ளங்கை கீறிவிடும். ஆனால் பிளாஸ்டிக் கோலின் சத்தம் 'டொக்' என்று செத்த சத்தம். நன்கு காய்ந்த மூங்கில் துண்டின் சத்தமோ திடலின் மறுமுனைக்குப் போகும். புதியவர்கள் தாளத்தைக் காதால்தான் பிடிக்கிறார்கள் என்பதால், எப்படியாவது மூங்கில் தேடுவதையே நான் விரும்புகிறேன். நான்கு பேர் கையிலாவது மூங்கில் இருந்தால் மற்றவர்கள் அந்தச் சத்தத்தைப் பின்பற்றிக்கொள்வார்கள்.

இத்தனை தொல்லை இருந்தும் கோலாட்டத்தை நான் விடாமல் வைத்திருப்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது மொழி. கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கங்களில் தெலுங்கும் கன்னடமும் வீட்டு மொழியாக உள்ள குழந்தைகள் ஒரே வகுப்பில் தமிழ்க் குழந்தைகளோடு உட்கார்ந்திருக்கிறார்கள். கும்மி பாட்டை நம்பியது. பாட்டின் சொல் வாயில் வராதவர் வெறுமனே கை தட்டிக்கொண்டிருப்பார், ஐந்து நிமிடத்தில் சலித்துவிடும். கோலாட்டம் எண்ணிக்கையை நம்பியது; மேலும் ஆந்திரத்திலும் கர்நாடகத்திலும் அதே ஆட்டம் ஏறத்தாழ அதே பெயரில் இருப்பதால், அது யாருக்கும் அயலார் ஆட்டமாகத் தோன்றுவதில்லை. அங்கே என் சங்கடம் திசைச் சொல்லில்தான் வந்தது. தெலுங்கில் வலதுக்குக் 'குடி' என்று பெயர். ஒரு பள்ளியில் நான் உதவி மனப்பான்மையோடு "குடி, குடி" என்று கூவியபோது, தமிழ்ப் பிள்ளைகள் தண்ணீர்க் குடத்தைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அன்றிலிருந்து வலம் இடம் என்ற சொற்களையே விட்டுவிட்டு, "மலைப் பக்கம்", "வேப்பமரத்துப் பக்கம்" என்று கண்ணில் படுவதைச் சொல்கிறேன். நம் மாவட்டங்களில் பெரும்பாலான திடல்களிலிருந்து ஏதோ ஒரு குன்று தெரியும் என்பது சொல்லிக்கொடுப்பவர்களுக்குக் கிடைத்த வசதி.

இரண்டாவது காரணம் கூச்சம். ஆணும் பெண்ணும் கலந்த கல்லூரிக் குழுவில் கைகோத்து ஆடச் சொன்னால் ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும். மறுநாள் வீட்டிலிருந்தும் கேள்வி வரும். கோலாட்டத்தில் எதிரெதிரே நின்றாலும் தொட்டுக்கொள்வது கோலும் கோலும்தான். நடுவில் ஓரடிக் கோல் இருப்பதால் பார்வை கோலின் மேலேயே இருக்கும், வெட்கப்படுவதற்கு நேரம் இருக்காது. நான் எடுப்பது நான்கே தட்டு: தன் கோல்கள் இரண்டும் கீழே, தன் கோல்கள் இரண்டும் மேலே, எதிரில் இருப்பவரோடு வலக்கோல், எதிரில் இருப்பவரோடு இடக்கோல். பத்து நிமிடம் நின்ற இடத்திலேயே இதை ஆடிய பிறகுதான், உள்வட்டம் அசையாமல் நிற்க வெளிவட்டம் மட்டும் ஓராள் நகரும் 'மாறு' வரும். நகர்வதையும் தட்டுவதையும் ஒன்றாகச் சொல்லிக்கொடுத்த நாள்களில் எல்லாம் விரலில் அடிபட்டவர்களுக்கு ஐஸ் கட்டி தேடியிருக்கிறேன்.

ஆட்டத்தைத் தேர்ந்தெடுப்பதில் செய்யும் பிழையைவிட, அதைக் கூவிச் சொல்வதில் செய்யும் பிழை கூட்டத்தை விரைவாகக் கலைத்துவிடுகிறது. அமெரிக்காவில் 'கான்ட்ரா' என்ற வரிசை நடனத்தில், ஆடத் தெரியாதவர்களையும் சேர்த்து ஆட வைப்பதற்கென்றே 'காலர்' என்ற ஒருவர் ஒலிவாங்கியோடு நிற்பார். இசை தொடங்குமுன் எல்லாரையும் ஒருமுறை வெறுமனே நடக்க வைப்பது, 64 எண்ணிக்கை கொண்ட இசைச் சுற்றில் ஒவ்வொரு அசைவையும் அது தொடங்குவதற்குச் சற்று முன்பே சொல்லி முடிப்பது, ஆடுபவர்களுக்குப் பழகப் பழகச் சொல்வதைக் குறைத்துக்கொண்டே போய் வாயை மூடிக்கொள்வது ஆகியவை அவருடைய தொழில் நுட்பம். நம்முடைய வாத்தியார்கள் விசிலாலும் தாளத்தாலும் செய்வது இதையேதான் என்றாலும், முன்கூட்டிச் சொல்வது என்ற ஒன்றைப் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வருபவர்கள் கவனிப்பதில்லை. எட்டு எண்ணிக்கைக்கு ஒருமுறை அசைவு மாறுகிறது என்றால், ஏழிலும் எட்டிலும் சொல் வந்துவிட வேண்டும். ஒன்றில் சொன்னால் இரண்டில்தான் கால் நகரும், அந்தத் தாமதத்துக்குக் குற்றவாளி ஆடுபவர் அல்லர். சொல்லும் குறுகியதாக இருக்க வேண்டும்: "குனி", "நிமிர்", "மாறு", "சுத்து". "இப்பொழுது எல்லாரும் அப்படியே திரும்பி நில்லுங்கள்" என்று மரியாதையாகச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு சுற்று போய்விடும். பெரியவர்களை "குனி" என்று ஒருமையில் கூவுவது எனக்கும் முதலில் நாக்கில் வரவில்லை. "அம்மா, இது தாளச் சொல், கோபித்துக்கொள்ளாதீர்கள்" என்று தொடக்கத்திலேயே அனுமதி கேட்டுவிட்டால் அவர்களே சேர்ந்து கூவத் தொடங்கிவிடுகிறார்கள்.

நிற்கும் இடமும் முக்கியம். வட்டத்தின் நடுவில் நின்று சொல்லிக்கொடுப்பது இயல்பாகத் தோன்றும். ஆனால் பாதிப் பேருக்கு நம் முதுகும், மீதிப் பேருக்குக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் மாறிய கைகால்களும் தெரியும். வட்டத்திலேயே ஒருவராக நின்று, எதிர்ப்புறத்திலும் விரைவாகப் பிடித்துக்கொண்ட ஒருவரை நிறுத்தினால், எல்லாருடைய பார்வையும் யாரோ ஒருவர்மேல் சரியாக விழும். வரிசை ஆட்டம் என்றால் கூட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்று ஆடிக் காட்டுவதே நல்லது. ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டைப் போட்டுவிட்டு ஆடச் சொல்வதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அந்தப் பாட்டு யாருக்காகவும் வேகத்தைக் குறைக்காது. கொட்டும் கோலும் நம் கையில் இருந்தால், தடுமாறுகிறவரைப் பார்த்துத் தாளத்தை இழுக்கலாம், தெளிந்ததும் முடுக்கலாம். தொடங்குமுன் திடலைப் பெருக்கச் சொல்லவும் மறக்கக் கூடாது. நம் பக்கத்துத் திடல்களில் நெருஞ்சி முள் இல்லாத இடம் அரிது. செருப்பைக் கழற்றி ஆடும் கூட்டத்தில் ஒருவர் காலில் முள் ஏறினால் பத்துப் பேர் முள் எடுக்க உட்கார்ந்துவிடுவார்கள்.

இப்படியெல்லாம் பார்த்து, என்னிடம் கேட்பவர்களுக்கு நான் தருவது இந்த ஏற்பாட்டைத்தான். எந்தக் கூட்டமாக இருந்தாலும் முதல் இருபது நிமிடம் கும்மி. ஓசூர்ப் பக்கத்துப் பன்மொழிக் கூட்டமாக இருந்தால் பாட்டு இல்லாமல் "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்ற எண்ணிக்கையே பாட்டு. மகளிர் குழு என்றால் கும்மியிலேயே மீதி நேரத்தையும் கழிக்கலாம். பாட்டு மாறினாலே அவர்களுக்குப் புது ஆட்டம். மாணவர்கள் என்றால் அடுத்த முப்பது நிமிடம் கோலாட்டம், கடைசிப் பத்து நிமிடம் மறுபடியும் கும்மி, இம்முறை பம்பையின் வேகத்தில். கோலாட்டத்தில் இணை இல்லாமல் ஒருவர் எஞ்சினால், அவரை ஓரமாக உட்கார வைக்காமல் விசிலை அவர் கையில் கொடுத்து ஏழாம் எண்ணிக்கையில் ஊதச் சொல்கிறேன். பெரும்பாலும் முதலில் பின்னால் போய் ஒளிந்தவர்தான் அப்படி எஞ்சியிருப்பார்.